எழுதியவரே கணக்குக் காட்ட வேண்டும்

1980 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டில் ஓர் அவசரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கர்ணம், கணக்கப்பிள்ளை, மணியக்காரர், கிராம முன்சீப் என்று வட்டாரத்துக்கு ஒரு பெயரில் வழங்கிவந்த பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் அத்தனையும் அதோடு ஒழிந்தன. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் பொறுப்பில் இருந்த அடங்கல், சிட்டா, 'அ' பதிவேடு ஆகிய நிலக்கணக்குகள் அரசின் கைக்குப் போயின. அடுத்த ஆண்டு அது சட்டமாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1982இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. தேர்வாணையம் நடத்திய தேர்வில் தேறிய முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர்கள் ஊர்களுக்கு வந்து சேர்ந்தார்கள். எழுதும் கையை மாற்றினால் ஏடு நேர்மையாகிவிடும் என்பதே அந்தச் சீர்திருத்தத்தின் நம்பிக்கை. அதற்கு இருபது ஆண்டுகள் கழித்துக் கணினி வந்தபோதும் அதையே நம்பினோம். இன்று அரசுச் சேவைகளில் செயற்கை நுண்ணறிவைப் புகுத்தும்போதும் அதே பேச்சுதான் கேட்கிறது: மனிதக் கையை விலக்கிவிட்டால் தாமதமும் லஞ்சமும் பாரபட்சமும் போய்விடும். தமிழ்நாட்டு ஊர்க்கணக்கின் நீண்ட வரலாறு இந்த நம்பிக்கையைப் பாதிதான் ஆதரிக்கிறது. எழுதும் கை மாறியதால் மட்டும் குடிமக்கள் பயன் பெற்றது அரிது. தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் பார்க்கவும், ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்கவும், பெயரும் பதவியும் தெரிந்த ஒருவரிடம் திருத்தம் கோரவும் வழி திறந்தபோதெல்லாம் அவர்கள் பயன் பெற்றார்கள்.

இந்த வழியைப் பற்றிய சிந்தனை நம்மிடம் மிகப் பழையது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தலுக்காகவே அவற்றைப் பள்ளிப் பாடங்களில் படிக்கிறோம். ஆனால் அவற்றில் கணக்கைப் பற்றிய விதிகளும் இருக்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் குடவோலையில் பெயர் இடத் தகுதியற்றவர்கள். கணக்கு எழுதுபவருக்கான விதி இன்னும் கடுமையானது. தாம் எழுதிய காலத்துக் கணக்கைப் பெருங்குறிச் சபையின் முன் ஒப்புவித்து, நேர்மையானவர் என்று ஏற்கப்பட்ட பிறகே அவர் மறுபடி அந்த வேலைக்கு வரலாம். எழுதிய கணக்கை அவரே வந்து காட்ட வேண்டும், அதை முடித்துவைக்க வேறொரு கணக்கர் உள்ளே புகக் கூடாது. இதை மக்களாட்சியின் பொற்காலம் என்று நான் கொண்டாட மாட்டேன். கால் வேலி நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உள்ள அந்தணர்களின் சபை அது. நிலத்தில் உழைத்தவர்களுக்கு அங்கே குரல் இல்லை. ஆயினும், எழுதியவரே பதில் சொல்ல வேண்டும், இடையில் வேறொருவர் வந்து அந்தப் பொறுப்பைக் கரைத்துவிடக் கூடாது என்ற விதி ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

அந்தச் சபைகள் மறைந்த பிறகும் ஊர்க்கணக்கர் இருந்தார். பாளையக்காரர், நவாப், கிழக்கிந்தியக் கும்பினி என்று மேலே ஆட்சி மாறிக்கொண்டே இருந்தபோது கீழே அவர் மாறவில்லை. எந்த நிலம் யாருடையது, எது நன்செய் எது புன்செய், எந்த வாய்க்காலில் யாருக்கு முறை என்பதெல்லாம் அவருடைய ஓலையிலும் நினைவிலும் இருந்தன. மானிய நிலமும் களத்து மேட்டில் அளந்து தரும் மேரையும் அவருக்குக் கூலி. 1792இல் பாராமகாலைக் கைப்பற்றிய கும்பினி, அலெக்சாண்டர் ரீடையும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவையும் அங்கே அனுப்பியது. ஊருக்கு ஒரு பெரிய மனிதரிடம் மொத்தமாக வரி பேசாமல் ஒவ்வொரு குடியோடும் நேரே பேசும் ரயத்துவாரி முறை அங்கேதான் உருப்பெற்றது. ஆனால் ஒவ்வொரு குடியோடும் பேச வேண்டுமானால் ஒவ்வொரு வயலும் ஏட்டில் ஏற வேண்டும். அந்த ஏட்டை எழுதத் தெரிந்தவர் கணக்கர் ஒருவரே. ஆகவே இடைத்தரகரை விலக்கப் பிறந்த முறை, எழுத்தைக் கையில் வைத்திருந்தவரை முன்னிலும் வலியவராக்கிற்று. கும்பினி ஆட்சியின் தொடக்க காலத்தில் தென்னிந்தியாவில் எழுத்தர்களின் உலகம் எப்படி மாறியது என்று வரலாற்றாசிரியர் பவானி ராமன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஒப்பமும் முத்திரையும் பெற்ற காகிதமே உண்மை என்று ஆகும்போது, காகிதத்தில் ஏறாதவன் உண்மையிலிருந்தே விலக்கப்படுகிறான் என்ற முடிவுக்கே அந்த வரலாறு என்னைக் கொண்டுவருகிறது.

அதன் விளைவு 1855இல் வெளிச்சத்துக்கு வந்தது. காசுலு லட்சுமிநரசு செட்டி தலைமையில் சென்னை சுதேசிச் சங்கம் 1852இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பியிருந்தது. வரி வசூலில் குடிகள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்பது அதிலிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. விசாரிக்க அமைத்த ஆணையத்தின் முன் குடிகள் கூட்டம் கூட்டமாக வந்து சாட்சி சொன்னார்கள். விரல்களை நெரிக்கும் கிட்டியும், தலையையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனியவைக்கும் அண்ணுந்தாலும் 1855இல் வந்த அதன் அறிக்கையில் பதிவாகியுள்ளன. கொடுமை நடந்தது என்று ஆணையம் ஒப்புக்கொண்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அது கண்ட காரணங்கள். வரி கேட்பவரும் காவல் அதிகாரம் வைத்திருப்பவரும் ஒரே தாசில்தாராக இருந்தார். முறையிட வேண்டிய மேலதிகாரியோ எட்டாத தொலைவில், பெரும்பாலும் மொழி புரியாதவராக இருந்தார். தீர்வும் அந்தத் திசையிலேயே வந்தது. 1859ஆம் ஆண்டுச் சென்னைக் காவல் சட்டம் காவலை வருவாய்த் துறையிலிருந்து பிரித்தது. இன்னும் துல்லியமான பதிவேட்டைக் கொண்டுவந்திருந்தால் அந்தக் குடிகளுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. துல்லியமான ஏட்டை வைத்துக்கொண்டு அதே கிட்டியைப் போட்டிருப்பார்கள்.

ஏட்டில் ஏறாமல் போனவர்களின் கதை இதைவிடக் கொடியது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். தரிசு நிலம் கேட்டுத் தர்காஸ்து கொடுக்கும் உரிமை அவர்களுக்கும் காகிதத்தில் இருந்தது. ஆனால் மிராசுதாரருக்கே முன்னுரிமை. அவர்களின் எதிர்ப்பும், அவர்களோடு ஒட்டி வாழ்ந்த ஊர் அலுவலர்களின் எழுத்தும் சேர்ந்து அந்த உரிமையை வெறுங்காகிதமாக்கின. அந்தக் குறிப்பையொட்டி 1892இல் பிறந்த அரசாணைதான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதற்கு அடிப்படை. ஒடுக்கப்பட்டோருக்கு ஒப்படை செய்து, பிறருக்குக் கைமாற்றக் கூடாது என்று நிபந்தனை இட்ட நிலங்கள் அவை. பிறகு அவற்றில் பெரும்பகுதி கைமாறியது. எப்படி? வன்முறையால் கொஞ்சம், கடனால் கொஞ்சம், எழுத்தால் நிறைய. பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் இருந்த ஒரு சொல் அடுத்த படியெடுப்பில் விடுபட்டால் போதும், நிபந்தனை மறைந்துவிடும். கர்ணத்துக்கு ஊர் முழுவதும் தெரியும், கணினிக்கு என்ன தெரியும் என்று ஏங்கிப் பேசுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். அவருக்கு ஊர் தெரிந்தது உண்மை. ஊரில் யாரை எழுத வேண்டும், யாரை விட்டுவிட வேண்டும் என்பதும் அதில் சேர்த்தி.

இவ்வளவுக்கும் நடுவே, வெள்ளையர் காலத்திலிருந்து இன்றுவரை உயிரோடு இருக்கும் ஒரு வழக்கத்தைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும். அதன் பெயர் ஜமாபந்தி. தொடக்கத்தில் அது ஆண்டுதோறும் குடிகளின் தீர்வையை முடிவு செய்யும் நாள். இப்போது வருவாய்த் தீர்வாயம் என்ற பெயரில், ஒவ்வொரு வட்டத்திலும் மே, ஜூன் மாதங்களில், வருவாய்த் துறையின் பசலி ஆண்டு முடியும் முன்னே கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் நிகழ்ச்சி. எந்தக் குறுவட்டத்துக்கு எந்த நாள் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். அன்று அந்தக் கிராமங்களின் கிராம நிர்வாக அலுவலர்கள் தங்கள் ஏடுகளைச் சுமந்துகொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வருகிறார்கள். இரண்டாம் எண் கணக்காகிய அடங்கல், பத்தாம் எண் கணக்காகிய சிட்டா என்று ஒவ்வொன்றையும் ஆட்சியரோ வருவாய் கோட்டாட்சியரோ வேறு உயரலுவலரோ பார்த்து ஒப்பமிடுகிறார். அதே நாளில் அதே மேசையில் மக்களின் மனுக்களும் வாங்கப்படுகின்றன. இறுதியில் குடிகள் மாநாடு நடக்கிறது. இன்னொன்றும் நடக்கிறது, அதை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை: நிலம் அளக்கும் சங்கிலியை எடுத்து நீட்டி, அது சரியான நீளத்தில்தான் இருக்கிறதா என்று அளந்து பார்க்கிறார்கள். கணக்கை மட்டும் தணிக்கை செய்தால் போதாது, கணக்குக்கு அடிப்படையான கருவியையும் தணிக்கை செய்ய வேண்டும் என்ற அறிவு அந்தச் செயலில் இருக்கிறது. பல ஊர்களில் ஜமாபந்தி வெறும் சடங்காகத் தேய்ந்துவிட்டது என்பது தெரிந்ததே. ஆனாலும் எழுதியவர், மேலதிகாரி, குடிமக்கள், அளவுகோல் ஆகிய நான்கும் ஒரே நாளில் ஓரிடத்தில் சேரும் இப்படி ஓர் ஏற்பாடு நம் நிர்வாகத்தில் வேறெங்கும் இல்லை.

பரம்பரைப் பதவி ஒழிந்த கதைக்குத் திரும்புவோம். 1895ஆம் ஆண்டுச் சட்டம் கிராமப் பதவிகளைப் பரம்பரைச் சொத்தாகவே காப்பாற்றி வந்தது. பிறப்பால் வரும் அந்த உரிமை அரசியல் சாசனத்தின் சமவாய்ப்புக்கு முரணானது என்று 1960 இறுதியில், ஆந்திராவிலிருந்து வந்த ஒரு முன்சீப் பதவி வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980ஆம் ஆண்டு அவசரச் சட்டம் அதன் மிச்சத்தையும் துடைத்தது. எந்தச் சாதியில் பிறந்தவரும் தேர்வெழுதி ஊரின் பதிவேட்டுக்குப் பொறுப்பாளராக வரலாம் என்பது சிறிய மாற்றம் அல்ல. நூற்றாண்டுகளாகச் சேரியில் இருந்தவர்கள் திண்ணைக்குக் கீழே நின்று கேட்ட விவரத்தை, அதே சேரியில் பிறந்த ஒருவர் நாற்காலியில் அமர்ந்து சொல்லும் நிலை வந்தது. அதை முழுமனதோடு பாராட்டுகிறேன். ஆனால் ஏட்டின் தரம் தானாக உயரவில்லை. 1979இல் தொடங்கி 1987வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், மக்கள் வாயில் 'யுடிஆர்', இதற்குச் சான்று. பழைய பதிவேடுகளைக் களத்தோடு ஒப்பிட்டுப் புதுப்பிப்பது அதன் நோக்கம், நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால் அதில் அண்ணன் தம்பி நிலங்கள் மாறிப் பதிவாயின, பரப்பு குறைந்தது, பட்டா நிலம் புறம்போக்காயிற்று. அந்தப் பிழைகளைத் திருத்தக் கோரும் மனுக்கள் நாற்பது ஆண்டுகள் கழிந்தும் மாவட்ட வருவாய் அலுவலரின் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவசரமாக, ஒரே மூச்சில், மாநிலம் முழுவதையும் திருத்தி எழுதப் புகுந்த ஒரு நல்ல திட்டம் விட்டுச்சென்ற பிழை, இரண்டு தலைமுறைகளின் உழைப்பைத் தின்கிறது.

பிறகு அந்த ஏடுகள் கணினியில் ஏறின. இதனால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. சிட்டா நகலுக்காக ஓர் அலுவலரைத் தேடிப் பல நாள் அலைந்த உழவர், இன்று 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையப் பக்கத்தில் அதைத் தானே எடுத்துக்கொள்கிறார். உட்பிரிவு தேவைப்படாத நிலங்களில், பத்திரத்தில் விற்பவர் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் பொருந்தினால் பத்திரப்பதிவு முடிந்ததும் பட்டா தானாகவே மாறுகிறது. கர்நாடகத்தின் 'பூமி' திட்டம் இதற்கு முன்னோடி. ஏறத்தாழ 2 கோடி நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, 2000களின் தொடக்கத்தில் 15 ரூபாய்க்கு நகல் கொடுத்தது. பூமியில் என்னைக் கவர்ந்தது வேகம் அன்று. பெயர் மாற்ற மனுக்களை வந்த வரிசையில்தான் எடுக்க வேண்டும், ஒருவரைத் தாண்டி இன்னொருவருக்குச் செய்ய முடியாது என்ற கட்டுப்பாடும், எந்த அலுவலர் மாற்றினார் என்பது அவருடைய விரல்ரேகையோடு பதிவாகும் என்ற ஏற்பாடும்தான். கருவியின் கண் அங்கே அலுவலரின் மேல் இருந்தது. அதே திட்டத்தை 2007இல் சாலமன் பெஞ்சமினும் உடன் ஆய்வாளர்களும் கடுமையாக விமர்சித்தார்கள். அதிகாரம் கிராமத்திலிருந்து வட்டத்துக்கு நகர்ந்ததால் லஞ்சத்தின் அளவு கூடியது, எங்கே எந்த நிலம் என்று பெருநிறுவனங்களுக்கு எளிதில் தெரிந்தது, ஏட்டில் ஏறாத அனுபோக உரிமைகள் அடிபட்டன என்பது அவர்கள் வாதம். இரண்டும் உண்மையாக இருக்கலாம். திறந்த கதவு வழியே யார் முதலில் நுழைகிறார் என்பது கதவைப் பொறுத்தது மட்டும் அன்று.

இங்கே மதுரை மாவட்டத்து மேலூரைச் சொல்லாமல் நகர முடியாது. 2001இல் அந்த வட்டத்தின் கிராமங்களில் இணையக் கூடங்கள் திறக்கப்பட்டன. சென்னை ஐஐடியும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய முயற்சி அது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பிறப்புச் சான்று ஆகியவற்றுக்கு ஊரிலிருந்தே விண்ணப்பிக்கலாம். தொடக்கத்தில் மக்கள் ஆர்வத்தோடு வந்தார்கள். பின்னர் ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்டும் 2006இல் எழுதிய ஆய்வு, அந்த அரசுச் சேவைகள் நிலைக்காமல் போனதைக் காட்டியது. ஆர்வம் கொண்ட அலுவலர்கள் மாற்றலாகிப் போனார்கள். அலுவலகத்துக்கு உள்ளே அந்த விண்ணப்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் நிலையாக இல்லை. கணினியும் இணைப்பும் மக்களின் விருப்பமும் இருந்தும், அந்தக் கம்பியின் மறுமுனையில் பொறுப்பேற்க ஓர் ஆள் இல்லாததால் சேவை வற்றிப்போனது.

இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவும் இன்னொரு கணினிதான் என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு வேறுபாட்டை அவர்கள் கவனிப்பதில்லை. கணினி, எழுதியதை வைத்திருந்தது. இது எழுதியதிலிருந்து ஊகிக்கிறது. கர்ணத்தின் தவறு ஓர் ஊரைக் கெடுத்தது; ஒரு மென்பொருளின் தவறு ஒரே இரவில் மாநிலம் முழுவதும் ஒரே மாதிரி விழும். தெலங்கானா அரசின் 'சமக்ர வேதிகா' மென்பொருள் பல துறைகளின் தரவுகளை இணைத்து, இவரும் அவரும் ஒருவரே என்று பொருத்திப் பார்த்து, தகுதியற்றவர் என்று தோன்றுவோரை அடையாளம் காட்டியது. குடும்ப அட்டைகள் முன்னறிவிப்பின்றி ரத்தாயின. பெயர் ஒற்றுமையால், ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்தவர் கார் உரிமையாளராகக் கணக்கில் வந்ததும் நடந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், ரத்தான சுமார் 19 லட்சம் அட்டைகளையும் களத்தில் சரிபார்க்கும்படி 2022 ஏப்ரலில் உத்தரவு வந்தது. தமிழ்நாட்டில் இந்த ஆபத்து கூடுதல். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயருமே அடையாளம். ஒரே ஊரில் ரா. முருகன் பலர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் பெயரே ஆதாரில் ஒரு விதமாகவும் பத்திரத்தில் வேறு விதமாகவும் ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கும். பெயர்களைப் பொருத்தும் எந்த இயந்திரத்துக்கும் இது சேறு நிறைந்த களம். இந்த நோய் ஏழை நாடுகளுக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற பெற்றோர்களை மோசடிக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்தி, பெருந்தொகைகளைத் திருப்பிக் கேட்டார்கள். சந்தேகத்துக்குரியவர்களைத் தெரிந்தெடுத்த மென்பொருள் குடியுரிமையையும் ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டிருந்தது. 2021 ஜனவரியில் அந்த நாட்டு அரசே பதவி விலக நேர்ந்தது.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. மனித அலுவலரின் விருப்பு வெறுப்பே நோய். அதை அகற்றுவதுதான் ஏழைகளுக்கு நல்லது. நீதியின் பெயரால் கேள்விகளை அடுக்கினால் பழைய லஞ்சத்தையே காப்பாற்றுவோம் என்பது அது. செங்கல்பட்டுத் தர்காஸ்துகளின் வரலாற்றை அறிந்த எவரும் இதை எளிதில் ஒதுக்க முடியாது, நானும் ஒதுக்கவில்லை. ஆனால் விருப்பு வெறுப்பு மறைவதில்லை, இடம் பெயர்கிறது. எந்தத் தரவைச் சேர்ப்பது, எத்தனை விழுக்காடு பொருத்தம் இருந்தால் ஒருவரே என்று கொள்வது, ஐயம் வந்தால் கொடுப்பதா மறுப்பதா என்பனவெல்லாம் மனிதர்கள் எடுக்கும் முடிவுகள். முன்பு அந்த முடிவைக் கிராமத்தில் ஒருவர் எடுத்தார். மக்கள் அவரைத் திட்டவாவது முடிந்தது. இப்போது தலைநகரில் ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் அறையில் எடுக்கிறார்கள். அரசுக் கோப்பில் குறிப்புப் பகுதி என்று ஒன்று உண்டு. யார் எதைப் பரிந்துரைத்தார், யார் மறுத்தார், ஏன் என்பது தேதியோடு அங்கே இருக்கும். இந்திய மாநிலங்களிலேயே முதலாவதாக 1997இல் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு. 2005இல் நாடு முழுவதுக்குமான சட்டம் வந்த பிறகு, அந்தக் குறிப்புப் பகுதியை ஒரு சாதாரண மனிதர் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டு வாங்க வழி பிறந்தது. மென்பொருள் மறுத்த விண்ணப்பத்துக்குக் குறிப்புப் பகுதி எங்கே இருக்கிறது? அதற்கு விடை சொல்லாத ஏற்பாடு, நீண்ட போராட்டத்தில் பெற்ற உரிமையைச் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்வதாகும்.

இரண்டாவது ஆட்சேபம் நடைமுறை சார்ந்தது: கோடிக்கணக்கான விண்ணப்பங்களுக்குக் காரணமும் மேல்முறையீடும் கொடுத்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. நடக்கும் என்பதற்குச் சான்று நம் கண்ணெதிரே இருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்துக்கு 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. வருமானம், நிலப்பரப்பு, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேற்பட்ட மின்நுகர்வு, கார் உரிமை போன்ற அளவுகோல்களை அரசுத் துறைகளின் தரவுகளோடு ஒப்பிட்டுச் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேரைத் தெரிவு செய்தார்கள். மறுக்கப்பட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியாகச் சென்றது. 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று வழியும் சொன்னார்கள். அந்த மேல்முறையீட்டுக்குப் பின் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நவம்பரில் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள். இந்த எண்ணை இரு விதமாகப் படிக்கலாம். தரவு ஒப்பீடு எத்தனை லட்சம் பேரைத் தவறாகத் தள்ளியது என்பதற்கு அது அளவு. முறையீட்டு வழி இருந்தால் இரண்டே மாதத்தில் எவ்வளவு திருத்த முடியும் என்பதற்கும் அதுவே அளவு. குறுஞ்செய்தியில் சொன்ன காரணங்கள் போதுமான அளவு விளக்கமாக இல்லை என்ற குறை எனக்கு உண்டு. ஆனாலும் கோட்டாட்சியர் என்று ஒரு பதவியைச் சொல்லி, நாள் கணக்கையும் சொன்னதால்தான் அந்தப் பெண்களால் திரும்பிவந்து கேட்க முடிந்தது. தெலங்கானாவின் குடும்ப அட்டைதாரர்களுக்கோ உச்ச நீதிமன்றமே முறையீட்டு அலுவலகமாக வேண்டியிருந்தது.

மூன்றாவதாக, சில மாதிரிகள் ஏன் அப்படிச் சொல்கின்றன என்று அவற்றைச் செய்தவர்களாலேயே விளக்க முடியாது என்கிறார்கள். அப்படியானால் அவற்றை ஒருவரின் உரிமையை மறுக்கும் இடத்தில் வைக்கக் கூடாது. வைக்கத் தக்க இடங்கள் எத்தனையோ உண்டு. கண்புரையைக் கைபேசிப் படத்திலிருந்து கண்டறிய உதவும் 'இ-பார்வை' செயலியில், இயந்திரம் தவறினாலும் அடுத்து ஒரு கண் மருத்துவர் பார்க்கிறார். கோவை மதுக்கரையில் ரயில் பாதையருகே வரும் யானைகளைக் கண்டு எச்சரிக்கும் கேமராக்கள், தவறாக எச்சரித்தால் ஒரு ரயில் மெதுவாகப் போகும், அவ்வளவே. இந்த வேறுபாடு அரசுக்குத் தெரியாததும் அன்று. 2020இல் தமிழ்நாடு அரசு பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டு, பாரபட்சம், தனியுரிமை, தணிக்கை, தவறான பயன்பாடு என்று மதிப்பிட ஓர் அளவுகோலையும் முன்வைத்தது. சிந்தனை நல்ல சிந்தனை. அது தலைமைச் செயலகத்திலிருந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இறங்கி வர வேண்டும். அளவைச் சங்கிலியை நீட்டிப் பார்ப்பதுபோல், ஆண்டுக்கு ஒரு முறை, ஜமாபந்தி மேசையிலேயே, அந்த வட்டத்தில் மென்பொருள் மறுத்த விண்ணப்பங்களில் ஒரு பகுதியை எடுத்துக் களத்தில் சரிபார்த்து, எத்தனை தவறு என்று குடிகள் மாநாட்டில் வாசிக்கலாம். புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. வருவாய்த் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.

இந்தக் கருவியை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பது என்பதும் நம் கையில்தான் இருக்கிறது. இதுவரை பெரும்பாலும் அது மனுதாரரைச் சந்தேகிக்கவே பயன்பட்டிருக்கிறது. அதே கருவி ஏட்டைச் சந்தேகிக்கவும் வல்லது. பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகள் கையெழுத்தில், மங்கிய மையில், ஆவணக் காப்பகங்களிலும் மாவட்டப் பதிவறைகளிலும் கிடக்கின்றன. அவற்றைப் படம் எடுத்து, கையெழுத்தைப் படிக்க இயந்திரத்தைப் பழக்கி, யுடிஆருக்கு முந்தைய பதிவையும் பிந்தைய பதிவையும் புல எண் வாரியாக ஒப்பிட்டால், எங்கே பரப்பு குறைந்தது, எங்கே பெயர் மாறியது, எந்தப் புல எண்ணில் ஒப்படை நிபந்தனை என்ற குறிப்பு அடுத்த படியில் காணாமல் போனது என்று ஒரு பட்டியல் கிடைக்கும். மனிதர்கள் செய்தால் பல்லாண்டுகள் ஆகும் வேலை இது. பஞ்சமி நிலத்துக்காகப் போராடும் அமைப்புகள் ஒரு நகலுக்கே மாதக்கணக்கில் மனுப் போட்டுக்கொண்டிருக்கின்றன. பட்டியல் தீர்ப்பாகாது. ஒவ்வொரு பதிவையும் மாவட்ட வருவாய் அலுவலர் இரு தரப்பையும் அழைத்து விசாரித்தே முடிவு செய்ய வேண்டும், தன் பெயரில் ஆணை எழுத வேண்டும். அந்தப் பட்டியலை அலுவலக அலமாரியில் பூட்டாமல், அந்தந்த ஊருக்கு உரியதை அந்தந்தக் கிராம சபையில், சேரியும் ஊரும் ஒன்றாகக் கூடும் கூட்டத்தில், புல எண்ணைச் சொல்லி உரக்கப் படிக்க வேண்டும் என்று அரசாணையிலேயே எழுதிவைக்க வேண்டும்.